தண்டுவடம் படிக்கும்போது எங்கெல்லாம் தப்பு விடுகிறோம்?

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் ஒன்றாகவே நினைத்துப் பேசிவிடுகிறோம். முதுகெலும்பு என்பது முள்ளெலும்புகளை அடுக்கிய தூண். அதற்குள் இருக்கும் குழாயில் இறங்குகிற, சுண்டுவிரல் பருமனே உள்ள மென்மையான நரம்புத் திசுதான் தண்டுவடம். ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று சொல்வது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கைப் பற்றி, தண்டுவடத்தைப் பற்றி அல்ல.

சரி, அடுத்தது நீளம். என்னைக் கேட்டால் இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். முதுகெலும்பு முடியும் வரை தண்டுவடமும் போகும் என்று படம் வரைகிறவர்கள் நிறைய பேர். உண்மையில் அது வளர்ந்தவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம்தான், முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புக்கு அருகிலேயே முடிந்துவிடும். கருவில் 3 மாதம் வரை குழாய் முழுக்க நிறைந்திருக்கும், அப்புறம் எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடும். பிறக்கும்போது மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் நிற்கும். ஆனால் நரம்புகள் தங்கள் பழைய வாசல் வழியாகத்தானே வெளியேற வேண்டும், அதனால் கீழ்ப்பகுதி நரம்பு வேர்கள் எல்லாம் நீளமாகத் தொங்கிக்கொண்டு இறங்குகின்றன. அந்தக் கொத்துக்குத்தான் குதிரைவால் என்று பெயர்.

இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரு விளிம்புகளையும் முதுகின் குறுக்கே கோடு போட்டு இணைத்தால் ஏறக்குறைய நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் விழும். தண்டுவடத் திரவம் எடுக்க ஊசி போடுவது அதையொட்டித்தான், ஏனென்றால் அங்கே தண்டுவடம் கிடையாது. திரவத்தில் மிதக்கும் வேர்கள் ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும்.

இதே காரணத்தால் முள்ளெலும்பின் எண்ணும் தண்டுவடத் துண்டத்தின் (ஒரு இணை நரம்புகள் கிளம்பும் பகுதி) எண்ணும் ஒரே உயரத்தில் ஒத்துப்போகாது. 12ஆவது மார்பு முள்ளெலும்பு உடைந்தால் 12ஆவது மார்புத் துண்டம்தான் அடிபடும் என்று எழுதாதீர்கள். அந்த உயரத்தில் உள்ளே இருப்பவை கால்களையும் சிறுநீர்ப்பையையும் கவனிக்கிற கீழ்த் துண்டங்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. கழுத்தில் எலும்புகள் 7, நரம்பு இணைகளோ 8. முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலேயே கிளம்பிவிடுகிறது, அதனால்தான் ஒன்று கூடுகிறது. மார்பு 12, இடுப்பு 5, திரிகம் (இடுப்புக்குக் கீழே, வாலுக்கு மேலே உள்ள பகுதி) 5, வால் 1, ஆக மொத்தம் 31 இணைகள்.

குறுக்கு வெட்டு வரையும்போது மூளையை மனதில் வைத்து நிறத்தை மாற்றிவிடுவதும் நடக்கும். மூளையில் சாம்பல் நிறப் பகுதி (நரம்பு செல்கள் குவிந்திருப்பது) வெளியே. இங்கே அது உள்ளே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில். பின்வேர் உணர்வைக் கொண்டுவரும், முன்வேர் தசைக்கான கட்டளையைக் கொண்டுபோகும்.

கடைசியாக, எல்லாப் பாதைகளும் ஒரே இடத்தில் பக்கம் மாறுவதாக நினைக்காதீர்கள். வலி, வெப்பம் கொண்டுபோகும் பாதை தண்டுவடத்துக்குள்ளேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். நுண்ணிய தொடுவுணர்வு மேலே, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில்தான் தாண்டும், தசைக் கட்டளைப் பாதையும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அறுபட்டால், அதற்குக் கீழே வலது பக்கம் அசையாது, ஆனால் ஊசியால் குத்தினால் வலிக்காமல் போவது இடது பக்கம்.