ஓசிஐ கையில் இருக்கட்டும்

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு, தமிழ்நாட்டில் அப்பா அம்மாவோடு ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்களுக்கு இது. நினைவுச்சின்னங்களில் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு. மாமல்லபுரத்தில் 40 ரூபாய், 600 ரூபாய். செஞ்சிக் கோட்டையில் 25, 300. ஆனால் 2021 மார்ச் 4 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பின்படி, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவர்களுக்கு இந்தியருக்கான கட்டணம்தான். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் போனோம். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. ஓசிஐ, அட்டை என்று பேரே தவிர, பார்க்க பாஸ்போர்ட் மாதிரி சின்னப் புத்தகம். கவுண்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது விசா சார். ஃபாரினர் டிக்கெட் எடுங்க." அறிவிப்பைப் போனில் காட்டினேன். "எங்களுக்கு அப்படி எதுவும் வரல." பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அப்பா முன்னால் வந்தார். "என் பையன் சார். தஞ்சாவூர்ல பொறந்தவன், படிச்சதெல்லாம் இங்கதான்" என்றார். எழுபது தாண்டிய மனிதர், நான் இந்த மண்ணில் பிறந்தவன் என்று ஒரு ஜன்னல் முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா, "விடுப்பா, நாங்க பாக்காததா? நீங்க போயிட்டு வாங்க" என்று மரத்தடிக்கு நகர்ந்துவிட்டாள். மேலதிகாரி வந்து, படித்து, யாருக்கோ போன் போட்டு, கடைசியில் 40 ரூபாய் டிக்கெட்டே கொடுத்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது, அப்பாவுக்கு முட்டி வலி. அவர் உள்ளே வரவில்லை. அவரோடு பார்ப்பதற்காகத்தான் அங்கே போனதே.

அதனால், அசல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் படம் போதாது. அறிவிப்பைத் தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள், தாளுக்கு இருக்கும் மரியாதை போனுக்கு இல்லை. பெரியவர்களை நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் வரிசைக்குப் போங்கள். உங்களுக்காக அவர்கள் பேசும்படி விடாதீர்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, மூன்றும் ராஜேந்திரனும் ராஜராஜர்களும் எழுப்பியவை. சாயங்காலம் போனால் கல்தரை காலைச் சுடாது.

ஜவுளி எடுக்கப் போகும்போது சொந்தக்காரர்களை மொத்தமாக வேன் வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். நாம் வராத கல்யாணங்கள், வராத சாவுகள் எல்லாம் அந்தக் கடையில் நம் கூடவே நிற்கும். யார் எதைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. காஞ்சிபுரத்தில் டிரைவர் தானாகக் காட்டும் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். பட்டில் சில்க் மார்க், அதாவது சுத்தமான பட்டு என்று காட்டும் முத்திரை, இருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிச் சமயத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருவார்கள். ரெடிமேடில் ஓர் உருப்படி 2,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 5 சதவீதம் இல்லை, 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இப்படித்தான். பிளவுஸ் தைக்க அளவு பிளவுஸ் ஒன்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், இறங்கிய முதல் வாரமே டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கிளம்பும் தேதியை மட்டும் அவரிடம் உண்மையான தேதிக்கு நான்கு நாள் முன்னதாகச் சொல்லுங்கள்.