காலி மனைக்காரர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஜூனியர் வக்கீல் தன் முதல் சிவில் பிராதை, அதாவது வழக்கு மனுவை, என்னிடம் காட்ட வந்தார். மேடவாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனை. பக்கத்து மனைக்காரர் உள்ளே ஷெட் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பிராதில் கேட்டிருந்த பரிகாரம் ஒன்றே ஒன்றுதான்: அவர் மனைக்குள் நுழையாமல் நிரந்தரத் தடையுத்தரவு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை நுழையாதே என்று எப்படித் தடுப்பது? இருபது வருடத்துக்கு முன்னால் நான் தயாரித்த பிராதும் வரிக்கு வரி இப்படித்தான் இருந்தது.

வில்லங்கம் போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோட்டீஸ் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பது

நான் அன்று பிராது போட்ட மனை, என் மாமா மஸ்கட்டில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. 1997இல் பக்கத்துக்காரர் வேலியைப் பிரித்து, கம்பிகளையும் சென்ட்ரிங் பலகைகளையும் அடுக்க ஆரம்பித்தார். அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், கரண்ட் இணைப்பு, வரி ரசீது. மாமா லீவில் வரும்போதெல்லாம் சண்டை போட்டார். வக்கீல் நோட்டீஸ் போனது. தாசில்தாருக்கு மனு போனது. காவல் நிலையத்தில் ‘இது சிவில் மேட்டர் சார், கோர்ட்டுக்குப் போங்க’ என்றார்கள். பட்டா நம் பெயரில்தானே இருக்கிறது என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம்.

சட்டம் எண்ணுவது வேறு கணக்கு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 65ஆம் இனம்: பட்டாவும் பத்திரமும் உள்ளவர், எதிர்த்தரப்பின் எதிரிடை அனுபவம் (உரிமையாளருக்கு எதிராகத் தன் சொத்துபோல அனுபவிப்பது) தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் சுவாதீனம், அதாவது மனையின் கைவசம், கேட்டு வழக்குப் போட வேண்டும். தவறினால் 27ஆம் பிரிவின்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். அந்த 12 ஆண்டு ஓட்டத்தை நோட்டீஸ் நிறுத்தாது, மனு நிறுத்தாது, காவல் நிலைய ரசீது நிறுத்தாது. வழக்குதான் நிறுத்தும். அதுவும் சரியான வழக்கு.

2005இல் நான் போட்டது தவறான வழக்கு. காரணம் கோர்ட் கட்டணம். சுவாதீனம் கேட்டால் மனையின் சந்தை மதிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அப்போது அது ஏழரை சதவீதம். வெறும் தடையுத்தரவுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மாமாவுக்குச் செலவை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். ஐந்து வருடம் வாய்தா நடந்தது. எதிர்த்தரப்பு கரண்ட் கார்டையும் வரி ரசீதையும் நீட்டியது. வாதி சுவாதீனத்தில் இல்லை என்று 2010இல் வழக்கு தள்ளுபடி. இதற்கிடையில் 2009லேயே பன்னிரண்டு வருடம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு வழி இருந்தது உண்மைதான். வெறுமனே 12 வருடம் உட்கார்ந்திருந்தால் நிலம் சொந்தமாகிவிடாது. ஒளிவுமறைவில்லாமல், இடைவெளியில்லாமல், உரிமையாளருக்கு எதிராகத் தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தோடு அனுபவித்ததை உள்ளே இருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் இன்னொரு பத்து வருடம் கோர்ட் ஏற மாமாவிடம் தெம்பில்லை. ஆக்கிரமித்தவரே சொன்ன விலைக்கு அவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்தார். பதிவு அலுவலகத்தில் மாமா கைரேகை வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

2008இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. நீங்கள் சுவாதீனத்தில் இருந்து, உரிமையில் பெரிய சிக்கலும் இல்லையென்றால் தடையுத்தரவு போதும். சுவாதீனம் போய்விட்டால் அதை மீட்கக் கேளுங்கள். உரிமையையே மறுத்தால் உரிமை விளம்புகையும் (மனை உங்களுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) சேர்த்துக் கேளுங்கள். கட்டணமும் 2017இல் 3 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஒரு கோடி ரூபாய் மனைக்கு மூன்று லட்சம். பெரிய தொகைதான், மனையை விடப் பெரிதில்லை. தவறான பிராதை ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே திருத்த மனு போடுங்கள். ஜூனியரிடம் அன்றே பிராதை மாற்றி எழுதச் சொன்னேன்.

எதிரிடை அனுபவம் எதிர்வாதியின் கேடயம் மட்டும்தான் என்று நினைப்பது

2019இல் அந்த நிலை மாறிவிட்டது. அனுபவித்தவரே வாதியாக வந்து உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆளை வைத்துப் பூட்டை உடைப்பது

வேண்டாம். குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவில், வெளியே தள்ளப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், மனை யாருடையது என்று பார்க்காமலேயே அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்ல கோர்ட்டால் முடியும்.

வாடகைக்காரரையும் வாட்ச்மேனையும் நினைத்துத் தேவையில்லாமல் பயப்படுவது

நம் அனுமதியோடு வந்தவருடைய இருப்பு எதிரிடை அனுபவம் ஆகாது. காவலுக்கு வைத்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் மனையில் உரிமை வராது என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அனுமதி கொடுத்தோம் என்பதற்குக் காகிதம் வேண்டும். வாட்ச்மேனுக்குக் குடிசை போட இடம் கொடுத்தால் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கட்டடம் கட்டி வாடகைக்கு விட்டால் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் அதைக் கேட்கிறது.

அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்று விட்டுவிடுவது

கூட்டாக உரிமையுள்ள குடும்பச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது மற்றவர்களுக்காகவும்தான். உனக்குப் பங்கில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன நாளைக் குறித்து வையுங்கள்; 12 ஆண்டுக் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

போய்ப் பார்க்காமல் இருப்பது

வருடத்துக்கு இரண்டு முறை. காலி மனை வரியை உங்கள் பெயரில் கட்டுங்கள். நான்கு மூலைக் கல்லும் பக்கத்து வீடும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். வெறும் மண்ணை மட்டும் எடுத்த படம் எந்த மனை என்று சொல்லாது.