லிங்க்டு லிஸ்ட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ஒண்ணா உக்காந்து படிச்சிடுங்க

டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர்ல லிங்க்டு லிஸ்ட் ஒரு யூனிட்ல வரும், கணக்க எழுதுற முறைகளான இன்ஃபிக்ஸ் போஸ்ட்ஃபிக்ஸ் எல்லாம் வேற யூனிட்ல வரும், நடுவுல ஒரு இன்டர்னல் எக்ஸாம் வந்துட்டு போயிடும், அதனால ரெண்டும் சம்பந்தமே இல்லாத பாடம்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க. என் சித்தி பையனுக்கு சொல்லிக் குடுக்கும்போது ரெண்டையும் ஒரே ப்ரோகிராமா எழுத வச்சேன், அதுவரைக்கும் மனப்பாடம் பண்ணிட்டிருந்தவனுக்கு அன்னிக்குதான் பிடிபட்டுச்சு. அதே வரிசையில இங்க எழுதுறேன். கம்ப்யூட்டர மூடி வச்சிட்டு ஒரு பென்சிலும் ரஃப் நோட்டும் எடுத்துக்கோங்க, முதல் ஒரு மணி நேரத்துக்கு அது போதும்.

முதல்ல லிங்க்டு லிஸ்ட். டோக்கன் குடுக்காத கிளினிக்குக்கு போயிருக்கீங்களா? வந்தவங்க எங்கெங்கயோ உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் படிக்கட்டுல, ஒருத்தர் வேப்பமரத்தடியில, ஆனா வரிசை மட்டும் கலையாது, ஏன்னா ஒவ்வொருத்தருக்கும் "எனக்கு அப்புறம் அந்த பச்சை சேலை அம்மா"ன்னு ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். லிங்க்டு லிஸ்ட் அப்படித்தான். அர்ரேன்னா தியேட்டர் சீட் மாதிரி, பக்கத்து பக்கத்துல, நம்பர் போட்டு, நடுவுல புதுசா ஒருத்தர உக்கார வைக்கணும்னா பின்னாடி இருக்கவங்க எல்லாரும் ஒரு சீட் தள்ளணும். லிஸ்ட்ல யாரும் தள்ள வேணாம், ரெண்டு பேரோட ஞாபகத்த மாத்தினா போதும். அதுக்கு பதிலா 50வது ஆள் யாருன்னு கேட்டா முதல் ஆள்ல இருந்து ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டே போகணும், அர்ரே மாதிரி நேரா போய் தொட முடியாது.

மெமரி செலவும் இருக்கு. வழக்கமான 64 பிட் மெஷின்ல சி லாங்குவேஜ்ல ஒரு இன்ட் (முழு எண்) 4 பைட், அடுத்தது எங்க இருக்குன்னு ஞாபகம் வச்சிக்கற பாயிண்டர் 8 பைட், ரெண்டையும் ஒரே கட்டா சேர்த்து ஸ்ட்ரக்ட் போட்டா 12 வராது, பேடிங்னு சொல்ற காலி பைட்டும் சேர்ந்து 16 வரும். ஆக 1000 நம்பர் அர்ரேல 4000 பைட்னா லிஸ்ட்ல 16000 பைட், மெமரி ஒதுக்கிக் குடுக்கற மால்லாக் ஃபங்ஷன் தன் கணக்குக்கு எடுத்துக்கறது தனி. சும்மா நம்பர சேத்து வைக்கறதுக்கு அர்ரேதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், அடிக்கடி நடுவுலயோ முன்னாடியோ சொருகுறது எடுக்கறதுன்னா லிஸ்ட்.

இப்ப நோட்டுல மூணு டப்பா வரைங்க, ஒவ்வொன்னுலயும் ரெண்டு அறை, இடது அறையில வேல்யூ, வலது அறையில இருந்து அடுத்த டப்பாவுக்கு ஒரு அம்புக்குறி (இதுக்கு நெக்ஸ்ட்னு பேரு), கடைசி டப்பால அம்புக்கு பதிலா நல் (NULL), அதாவது அடுத்தது யாரும் இல்ல. முதல் டப்பாவ காட்டுற அம்புக்கு ஹெட்னு பேரு. முன்னாடி புதுசா ஒண்ணு சேக்கணும்னா ரெண்டே வரி:

புதுசு->நெக்ஸ்ட் = ஹெட்
ஹெட் = புதுசு

இந்த வரிசைய மாத்தி எழுதிப் பாருங்க, பென்சில்ல அம்ப அழிச்சு அழிச்சு போடுங்க. ஹெட்ட முதல்ல புதுசு பக்கம் திருப்பிட்டீங்கன்னா பழைய முதல் டப்பாவ காட்டுறதுக்கு உலகத்துல ஒரு அம்பும் இல்ல, மூணு டப்பாவும் மெமரில கெடக்கும் ஆனா யாராலயும் போய் சேர முடியாது, அதோட அடுத்த வரியில புதுசு தன்னையே காட்டிக்கிட்டு நிக்கும், பிரிண்ட் பண்ண லூப் போட்டா நிக்காம ஓடும். லிங்க்டு லிஸ்ட்ல பாதி பிழை இந்த ஒரு எடத்துலதான். பழைய அம்ப அழிக்கறதுக்கு முன்னாடி அது காட்டினத வேற ஒரு கை பிடிச்சிருக்கணும், இத மட்டும் பிடிச்சிக்கிட்டா நடுவுல சேக்கறது, டெலீட், ரிவர்ஸ் எல்லாமே தானா வரும். முன்னாடி இருக்கறத எடுக்கறதும் அப்படியே: ஹெட்ட டெம்ப்னு ஒரு தற்காலிக பாயிண்டர்ல வச்சிக்கோங்க, வேல்யூவ எடுங்க, ஹெட்ட அடுத்ததுக்கு நகத்துங்க, அப்புறம் டெம்ப்ப ஃப்ரீ பண்ணுங்க, அதாவது அந்த மெமரிய திருப்பிக் குடுத்துடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஹெட் NULL-ஆ இருக்கான்னு பாக்க மறந்துடாதீங்க.

முன்னாடி சேக்கறது, முன்னாடி எடுக்கறது, இந்த ரெண்டு ஃபங்ஷன் மட்டும் இருந்தாலே உங்க கையில ஸ்டாக் வந்தாச்சு. ஹாட் பேக்ல அடுக்கின தோசை மாதிரி கடைசியா போட்டதுதான் முதல்ல வெளிய வரும். ரெண்டுக்கும் புஷ், பாப்னு பேர் வச்சிடுங்க.

இப்ப எக்ஸ்பிரஷனுக்கு வருவோம். 8 - 3 * 2 + 4 / 2 ன்னு நாம எழுதுறது இன்ஃபிக்ஸ், ஆப்பரேட்டர், அதாவது + - * / மாதிரி குறி, நம்பருக்கு நடுவுல. இத படிக்க யாருக்கு முன்னுரிமைன்னு தனியா ஒரு விதி வேணும், பிராக்கெட் வேணும். போலந்து நாட்டு தர்க்கவியல் அறிஞர் யான் வுகாசியேவிச் 1920கள்ல ஆப்பரேட்டர முன்னாடி எழுதினா பிராக்கெட்டே தேவையில்லன்னு காட்டினார், அதான் ப்ரீஃபிக்ஸ், போலிஷ் நொட்டேஷன்னு பேர் வந்ததும் அதனாலதான். அதையே பின்னாடி எழுதினா போஸ்ட்ஃபிக்ஸ். ஹெச்பி கம்பெனி 1972ல விட்ட ஹெச்பி-35 கால்குலேட்டர்ல இந்த முறையிலதான் கணக்கு அடிப்பாங்க, அதுல சமக்குறி பட்டனே கிடையாது.

இன்ஃபிக்ஸ போஸ்ட்ஃபிக்ஸா மாத்தற வழிய டச்சு கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா குடுத்தார், ஷன்டிங் யார்டுன்னு பேரு, ரயில் யார்டுல பெட்டிகள சைடு லைன்ல ஒதுக்கி வச்சு வரிசை மாத்துவாங்கல்ல அது. இங்க சைடு லைன்தான் நம்ம ஸ்டாக். இடமிருந்து வலமா படிங்க. நம்பர் வந்தா நேரா வெளிய எழுதிடுங்க. திறக்கற பிராக்கெட் வந்தா புஷ். மூடற பிராக்கெட் வந்தா திறந்தது கிடைக்கற வரைக்கும் பாப் பண்ணி எழுதுங்க, அப்புறம் அந்த பிராக்கெட்ட தூக்கி போட்டுடுங்க. ஆப்பரேட்டர் வந்தா, ஸ்டாக் மேல இருக்கற ஆப்பரேட்டர் முன்னுரிமையில அதவிட பெருசாவோ சமமாவோ இருக்கற வரைக்கும் பாப் பண்ணி எழுதிட்டு அப்புறம் இத புஷ் பண்ணுங்க, நடுவுல திறந்த பிராக்கெட் வந்தா அங்கயே நின்னுடணும். முடிஞ்சதும் ஸ்டாக்ல மிச்சம் இருக்கறத எல்லாம் கொட்டுங்க.

நம்ம உதாரணத்துல 8 வெளிய, - உள்ள, 3 வெளிய, * பெருசு அதனால - மேல ஏறி உக்காருது, 2 வெளிய. இப்ப + வருது, * பெருசு அதனால வெளிய போகுது, அடுத்து - இருக்கு, அது சமம், அதுவும் வெளிய. + உள்ள, 4 வெளிய, / உள்ள, 2 வெளிய, கடைசியில / அப்புறம் +. கெடச்சது: 8 3 2 * - 4 2 / +

அந்த "சமமாவோ"ங்கற வார்த்தைய விட்டுட்டீங்கன்னா 8 - 3 - 2 க்கு 3 வராம 7 வரும். அடுக்கு குறி மட்டும் விதிவிலக்கு, 2 ^ 3 ^ 2 ன்னா வலது பக்கம்தான் முதல்ல, விடை 512, அதனால அங்க சமமா இருந்தா பாப் பண்ணக்கூடாது.

விடை கண்டுபிடிக்க இன்னொரு ஸ்டாக், இதுல நம்பர்கள் மட்டும். நம்பர் வந்தா புஷ், ஆப்பரேட்டர் வந்தா ரெண்டு பாப், கணக்கு போட்டு திரும்ப புஷ். முதல்ல பாப் ஆகறது வலது பக்கத்து நம்பர், ரெண்டாவதா வர்றதுதான் இடது. கூட்டல் பெருக்கல்ல மாத்தினாலும் தெரியாது, கழித்தல்லயும் வகுத்தல்லயும் மாட்டிக்குவீங்க. 8, 3, 2 புஷ் ஆச்சு, * வந்ததும் 6, ஸ்டாக்ல 8 6, - வந்ததும் 2, அப்புறம் 4ம் 2ம், / வந்ததும் 2, கடைசியா + போட்டா 4. ஒரே ஒரு நம்பர் மிஞ்சணும், அதுக்கு மேல இருந்தா கன்வர்ஷன்லதான் தப்பு.

ப்ரீஃபிக்ஸ் எக்ஸாம்ல கேட்டா கைல போடறதுக்கு எனக்கு பிடிச்ச வழி, எல்லாத்துக்கும் முழுசா பிராக்கெட் போட்டுடறது: ((8 - (3 * 2)) + (4 / 2)). ஒவ்வொரு ஆப்பரேட்டரையும் அதோட திறக்கற பிராக்கெட் எடத்துக்கு நகத்திட்டு மிச்ச பிராக்கெட்ட அழிச்சா + - 8 * 3 2 / 4 2.

இப்ப ப்ரோகிராம எழுதுங்க, புஷ் பாப் ரெண்டும் நீங்க எழுதின லிங்க்டு லிஸ்ட்லயே இருக்கட்டும், நம்பர் எல்லாம் இன்ட். (7 + 5) * 2 - 6 / 3 குடுத்து ஓட்டிப் பாருங்க. 7 5 + 2 * 6 3 / - ன்னு மாறி விடை 22 வரணும். 15 வந்தா பிராக்கெட்ட உங்க கோடு கண்டுக்கவே இல்ல. -24 வந்தா பாப் பண்ண ரெண்டு நம்பரும் இடம் மாறிருக்கு. ப்ரோகிராம் பதிலே சொல்லாம ஓடிக்கிட்டே இருந்தா புஷ் ஃபங்ஷன்ல அந்த ரெண்டு வரிய போய் பாருங்க.