அப்லெட் வரைபடத்தை எஸ்விஜிக்கு மாற்றும்போது விடப்படும் பிழைகள்

நகர வரைபடமோ துறைமுகப் படமோ ஜாவா அப்லெட்டாக (வலைப்பக்கத்துக்குள் ஓடும் சிறு ஜாவா நிரலாக) இருந்த பழைய பக்கங்களை இன்று திறந்தால் வெற்றுப் பெட்டிதான் தெரியும். உடனே ஜாவாவை மறுபடி நிறுவிப் பார்ப்பது முதற் பிழை. குறை உங்கள் கணினியில் இல்லை. அப்லெட்டை ஓட்டிய செருகுநிரல் வசதியைக் குரோம் 2015 செப்டெம்பரிலும், ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சிலும் கைவிட்டன. 2018இல் வந்த ஜாவா 11இல் அந்தச் செருகுநிரலே கிடையாது. பழைய உலாவியைத் தேடி இறக்குவதும் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒன்றை இணையத்தில் இணைப்பது ஆபத்து. அப்லெட்டுக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுத்து, எவ்வளவு பெருப்பித்தாலும் சிதறாத கோட்டுப்பட வடிவமான எஸ்விஜியாக்குவதே சரியான வழி.

எடுக்கிறேன் என்று திரைப்பிடிப்பு எடுத்துவிடாதீர்கள். அது வெறும் புள்ளிப் படம், பெருப்பித்தால் சிதறும். அப்லெட் பொதிந்து வரும் ஜார் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் கோப்புத்தான். பெயரின் ஈற்றை மாற்றி விரித்துப் பாருங்கள். பல வேளைகளில் ஆள்கூறுகள் சாதாரண எழுத்துக் கோப்பாக உள்ளே கிடக்கும். அப்படியில்லாமல் நிரலே கோடு கீறுகிறதென்றால் ஜேடிகே 8 என்ற ஜாவா நிரலாக்கப் பொதியில் உள்ள அப்லெட்வியூவரும் (உலாவி இல்லாமலே அப்லெட்டை ஓட்டும் கருவி), எஸ்விஜி எழுதும் அப்பாச்சி பாட்டிக் நூலகமும் போதும். அப்லெட்டின் துணை வகுப்பொன்றை எழுதி, படத்தை வரையும் பெயின்ட் செயலுக்குத் திரையின் கிராஃபிக்ஸுக்குப் பதிலாக பாட்டிக்கின் எஸ்விஜிகிராஃபிக்ஸ்2டியைக் கொடுத்தால் ஒவ்வொரு கோடும் எஸ்விஜியாக விழும்.

இங்கே இரண்டு இடத்தில் தடக்கும். அப்லெட்வியூவர் வன்தட்டில் எழுத விடாது. அனுமதிக் கொள்கைக் கோப்பொன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றது, படம் மினுங்காமலிருக்கப் பல அப்லெட்டுகள் மறைவான படமொன்றில் முதலில் வரைந்து, பிறகு அதை ஒரே தடவையில் திரையில் ஒட்டும். அப்படியானால் உங்கள் எஸ்விஜிக்குள் வருவது ஒற்றைப் புள்ளிப் படம். கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து, இமேஜ் என்ற குறியும் அதன் பின்னால் முடிவில்லாத எழுத்துச் சரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறைபடத்தில் வரையும் செயலுக்கே பாட்டிக்கின் கிராஃபிக்ஸைக் கொடுக்க வேண்டும்.

அகலாங்கும் நெட்டாங்கும் கிடைத்தவர்கள் அவற்றை அப்படியே எஸ்விஜியில் போடுவதுதான் ஆகப் பெரிய பிழை. எஸ்விஜியில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும். அகலாங்கோ வடக்கே போகப் போகக் கூடும். ஆகவே திருகோணமலைப் படமென்றால், தெற்கிலுள்ள மூதூர் மேலேயும் வடக்கிலுள்ள நிலாவெளி கீழேயுமாகப் படம் தலைகீழாகும். கோட்டின் இயல்பான தடிப்பு 1 அலகு என்பதையும் மறக்கக் கூடாது. அலகு பாகையானால் அது சுமார் 110 கிலோமீற்றர்: திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு வரையான நேர்த்தூரத்தின் அளவுக்கு ஒரு கோடு!

கணக்கு எளிது. திருகோணமலைப் படத்தின் மேற்கு ஓரத்தை 81.10 பாகை என்றும் வடக்கு ஓரத்தை 8.75 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். நெட்டாங்கிலிருந்து 81.10ஐக் கழித்து 5000ஆல் பெருக்கினால் எக்ஸ். 8.75இலிருந்து அகலாங்கைக் கழித்து 5000ஆல் பெருக்கினால் ஒய். கோணேசர் கோயிலை அகலாங்கு 8.582, நெட்டாங்கு 81.245 என்று எடுத்தால் எக்ஸ் 725, ஒய் 840. ஓர் அலகு ஏறத்தாழ 22 மீற்றர் என்பதால் ஒரு தசம இடம் தாராளம்; ஆறு தசமம் வைத்தால் கோப்புத்தான் கனக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரு அச்சுக்கும் ஒரே பெருக்கி போதும். யாழ்ப்பாணத்துக்கும் இது சரிவரும், இலண்டனுக்குச் சரிவராது.

படத்தின் எந்தப் பரப்பைக் காட்டவேண்டும் என்று சொல்லும் வியூபாக்ஸை எழுதாமல் விட்டால் படம் கைப்பேசியில் சுருங்காது, ஓரங்கள் வெட்டுப்படும். மேற்படி கணக்குக்கு 0 0 1250 1750 என்று கொடுத்தால் நிலாவெளி முதல் மூதூர் வரை அடங்கும். கரையோரக் கோட்டுக்கு ஃபில் நன் (உள்ளே நிறம் நிரப்பாதே) என்று சொல்லாவிட்டால், உலாவி இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்து உள்ளே கறுப்பை நிரப்பும். கொட்டியாரக் குடா முழுக்கக் கரித்திட்டாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

இடப்பெயர்களில் நம்மவர்கள் இடறுவது யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில். பாமினியில் தட்டிய 'திருகோணமலை' உண்மையில் ஆங்கில எழுத்துக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படியே பல்லிளிக்கும். யுனிகோடுக்கு மாற்றிவிட்டே படத்தில் இடுங்கள். இன்னொன்று: வலைப்பக்கத்தில் ஐஎம்ஜி (img) குறி வழியாக ஏற்றும் எஸ்விஜி வெளியிலுள்ள இணைய எழுத்துருவை இறக்காது. குறிப்பிட்ட எழுத்துருதான் வேண்டுமென்றால் எஸ்விஜி நிரலைப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டுங்கள். எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிடுவதும் ஒரு வழிதான். ஆனால் பிறகு 'உப்புவெளி' என்று தேடினால் அகப்படாது.

உங்கள் கணினியில் நன்றாகத் திறக்கும் கோப்பு சேர்வரில் ஏற்றியதும் தெரியாமல் போனால் படத்தைத் திருத்த ஓடாதீர்கள். சேர்வர் அனுப்பும் கோப்பு வகை இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல் என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சுருக்கப்பட்ட எஸ்விஜியான எஸ்விஜிஇஸட் கோப்பு ஆனால், ஜிஸிப் என்ற உள்ளடக்கக் குறியீட்டுத் தலைப்பும் சேர்ந்து போக வேண்டும்.