காலைக் காபியும் வேலூர்க்காரர்களின் சில தவறுகளும்

அதிகாலை ரயிலில் காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் பலருடைய கையில் மருத்துவக் கோப்பு இருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று அதற்குள் ஒரு சீட்டும் இருக்கும். நம்மவர்கள் அதை ‘இட்லி சாப்பிடாமல் வரவும்’ என்று படித்துக்கொள்கிறார்கள். பிளாட்பாரத்தில் குடிக்கும் காபி அவர்கள் கணக்கில் சேராது. ஆனால் அதிலுள்ள பாலும் சர்க்கரையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். பால் சேர்க்காத காபியும் வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும் காபியைத் தள்ளிவையுங்கள். காஃபீன் அழுத்தத்தைச் சற்று நேரம் உயர்த்தும்.

இதைவிடப் பெரிய தவறு மாத்திரையில் நடக்கிறது. சத்துவாச்சாரியில் இருக்கும் என் அத்தைக்குத் தைராய்டு குறைபாடு. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை, ஆனாலும் தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு இறங்கவே இல்லை. இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டினார்கள். “எதோடு போடுகிறீர்கள் அத்தை?” என்று ஒரு நாள் கேட்டேன். “காபியோடுதான்ப்பா, வெறும் தண்ணீரில் எப்படி இறங்கும்?” என்றார். அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் என்ற மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் காபி குறைக்கிறது, பாலிலுள்ள கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கிறது. மாத்திரைக்குத் தண்ணீர்தான். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வேறெதுவும் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காபியிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. டிபன் முடிந்த கையோடு காபி குடிப்பது நமக்குச் சம்பிரதாயம்போல ஆகிவிட்டது. கேழ்வரகிலும் கீரையிலும் வந்த கொஞ்ச இரும்பும் அதனால் வீணாகிறது. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பை காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதம் குறைத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது அந்தக் குறைவு இல்லை. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, உணவோடு குடித்தபோது போலவே இரும்பு உறிஞ்சப்படுவது குறைந்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தசோகை உள்ளவர்கள் என்பதால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை.

வெறும் வயிற்றில் காபி குடித்தால் வயிற்றில் புண் வரும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி நிவாரண மாத்திரைகளும்தான். காபி சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்பும். அப்படி எரிந்தால் எதையாவது சாப்பிட்ட பின் குடியுங்கள். எரியாதவர் மற்றவர் பேச்சைக் கேட்டு ஏன் தவிக்க வேண்டும்?

அளவு விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. நாளொன்றுக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 150 மில்லி பில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கும். கர்ப்பிணிகள் 200-க்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. சிக்கரியில் காஃபீன் கிடையாது, எனவே சிக்கரி கூடிய தூளில் கசப்பை வைத்துக் கடுமையைக் கணக்கிடாதீர்கள். எனக்குக் காஃபீனைவிட டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரைதான் கவலை. மூன்று டம்ளருக்கு ஆறு கரண்டி!

ஆடிக் கிருத்திகை விரதத்தன்று மதியம் வரும் தலைவலியைப் பலர் பசி என்றே எண்ணுகிறார்கள். தினமும் குடித்த காபியைத் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலை வலிக்கத் தொடங்கும். விரதத்துக்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தால் வள்ளிமலைப் படிகளைத் தலைவலி இல்லாமல் ஏறலாம்.

அத்தை இப்போது ஐந்து மணிக்கு எழுந்ததும் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கி, பாலும் காய்ந்து டபராவுக்கு வருவதற்குள் அரை மணி நேரம் தாண்டிவிடுகிறது.