பெற்றோர் ஈடுபாடு பற்றிய எம்.எட். ஆய்வேடு: தலைப்பு முதல் தரவு அலசல் வரை

"மாணவர்களின் கல்வி அடைவில் பெற்றோர் ஈடுபாட்டின் தாக்கம்" என்பது எம்.எட். ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் தலைப்பு. உள்ளே இருப்பதும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: நாற்பது கூற்றுகள், முந்நூறு மாணவர்கள், ஆண்-பெண், நகரம்-கிராமம் என்று வரிசையாக டி-சோதனைகள் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் கணக்கு). அதைப் படிக்கும் தலைமையாசிரியருக்கு மறுநாள் பள்ளியில் செய்வதற்கு எதுவும் கிடைக்காது. அதே உழைப்பில் உருப்படியான ஆய்வைச் செய்யலாம்.

முதலில் "ஈடுபாடு" என்ற சொல்லை உடையுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் அதை ஆறாகப் பிரித்தார்: குழந்தை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் தொடர்பு, தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, சமூகத்தோடு கூட்டு. ஆறையும் ஓர் ஆய்வேட்டில் அளக்க முயன்றால் எதுவும் ஆழமாக வராது. ஒன்றை, மிஞ்சினால் இரண்டை எடுங்கள். "எட்டாம் வகுப்பு மாணவர்களின் வீட்டில் கணக்குப் பாடம் பற்றி என்ன பேச்சு நடக்கிறது" என்ற அளவுக்குக் குறுகினால் நல்லது. தலைப்பில் "தாக்கம்" வேண்டாம், "தொடர்பு" போதும். ஒருமுறை மட்டும் எடுத்த வினாநிரல் தரவை வைத்துத் தாக்கத்தை நிறுவ முடியாது.

இந்தத் துறையில் பலரையும் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதற்கும் மதிப்பெண்ணுக்கும் எதிர்மறைத் தொடர்பு வரலாம். நடுநிலைப் பள்ளி வயது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஹில், டைசன் இருவரும் 2009-இல் வெளியிட்ட அலசலில், வீட்டுப்பாட உதவி பலன் காட்டவில்லை. படிப்பின் மதிப்பையும் எதிர்காலத்தையும் பற்றிப் பிள்ளையோடு பேசுவதுதான் வலுவான தொடர்பைக் காட்டியது. 2001-இல் ஃபேன், சென் செய்த தொகுப்பிலும் பெற்றோரின் எதிர்பார்ப்பே முன்னால் நின்றது. பிள்ளை தடுமாறும்போதுதான் பெற்றோர் பக்கத்தில் உட்காருகிறார்கள், மதிப்பெண் குறையும்போதுதான் பள்ளி அவர்களைக் கூப்பிட்டு அனுப்புகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல், உதவி செய்வதால் மதிப்பெண் குறைகிறது என்று எழுதிவிட்டால் அது பிழை மட்டுமல்ல, பெற்றோருக்குச் செய்யும் அநியாயமும்கூட. அதனால் சென்ற ஆண்டு மதிப்பெண்ணையும் சேகரித்து, தொடர்போக்கு அலசலில் (பல காரணிகளை ஒன்றாக வைத்து ஒவ்வொன்றின் தொடர்பையும் பிரித்துப் பார்க்கும் கணக்கு) அதை முதலில் சேருங்கள். பள்ளிக்கு வந்த பெற்றோரிடம், தானாக வந்தாரா, அழைத்ததால் வந்தாரா என்று தனிக் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது வினாநிரல். ஆய்வு பெரும்பாலும் கெடுவது இங்கேதான். "என் பெற்றோர் என் கல்வியில் அக்கறை காட்டுகிறார்கள்" என்ற கூற்றுக்கு எந்தப் பிள்ளையும் "இல்லை" போடாது. எல்லா விடைகளும் உச்சியில் குவிந்தால் அங்கே அளக்க வேறுபாடே இல்லை. மனப்பான்மையைக் கேட்பதை விட்டு நடந்ததைக் கேளுங்கள்: "போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை உன் நோட்டை வீட்டில் யாராவது திறந்து பார்த்தார்களா? எத்தனை நாள்? யார் பார்த்தது?" அந்த "யார்" முக்கியம். தாத்தா பாட்டியிடமோ சித்தி வீட்டிலோ வளரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. "அப்பா அம்மா" என்று மட்டும் அச்சிட்டால் அவர்கள் ஈடுபாடே இல்லாத குடும்பமாகப் பதிவாகிவிடுவார்கள். ஒரே கூற்றில் இரண்டு விஷயங்களையும் கட்டக்கூடாது. "படிக்கச் சொல்லி, சொல்லியும் கொடுக்கிறார்கள்" என்பதில் சொல்வது மட்டும் நடந்தால் பிள்ளை எதைக் குறிக்கும்?

பெற்றோரிடம் கேட்பதாக இருந்தால் தாளைக் கொடுத்தனுப்ப வேண்டாம். எழுதத் தெரியாதவரின் தாளைப் பிள்ளையே நிரப்பிக் கொண்டுவரும். கேள்வியைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டி நீங்களே குறியுங்கள். ஒருவருக்கு 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோதான் கிடைப்பார்கள்.

இறுதி மாதிரியில் சேராத 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டம் பாருங்கள். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம். ஆனால் அதை மொத்த அளவுகோலுக்கு மட்டும் கணக்கிடாமல் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியே பாருங்கள். மிகக் குறைவாக வந்தால் முதலில் எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பைத் திருப்பிப் போட்டீர்களா என்று பாருங்கள். 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம்.

மாதிரி எடுப்பதில் தலை எண்ணிக்கையை விடப் பள்ளிகளின் எண்ணிக்கைதான் முக்கியம். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே பகுதியிலிருந்து வருகிறார்கள். அதனால் அவர்களின் விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையைக் குறிக்கும் எண் 0.15 என்று வைத்துக்கொள்வோம். 5 பள்ளிகளில் 60 பேர் வீதம் 300 பேரை எடுத்தால், ஒரு பள்ளியின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அந்த எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்: 1 + (59 × 0.15) = 9.85. 300-ஐ இதனால் வகுத்தால், உண்மையில் சுமார் 30 பேரின் தகவல்தான் கையில் இருக்கிறது. அதே 300 பேரை 15 பள்ளிகளில் 20 பேர் வீதம் எடுத்தால் வகுக்கும் எண் 3.85 ஆகிறது, கிடைப்பது சுமார் 78. அலைச்சல் கூடும்தான், ஆனால் பள்ளிகளைக் கூட்டுவதற்கு மாற்றுவழி இல்லை.

வெவ்வேறு பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்ணை அப்படியே ஒன்றாகச் சேர்க்காதீர்கள். திருத்தும் கை வேறு, தாராளமும் வேறு. ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அந்த வகுப்பின் சராசரியைக் கழித்து, வகுப்பின் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்த பிறகு சேருங்கள். அப்போது பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு மறைந்துவிடும் என்பதையும் ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பகுதியில் எழுதுங்கள். அந்த வேறுபாடும் தேவை என்றால், எல்லாப் பள்ளிகளிலும் நீங்களே ஒரே சிறு தேர்வை வைப்பதுதான் வழி.

அரசுப் பள்ளிகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். விண்ணப்பத்தோடு வினாநிரலையும் கல்லூரிக் கடிதத்தையும் இணையுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்தால் ஜூலை கடைசி, ஆகஸ்ட், அக்டோபர் பின்பாதி ஆகியவை வசதியான காலம். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிடுங்கள். பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

முடிவெடுப்பதில் பங்கு என்பதைத் தேர்ந்தால் பள்ளி மேலாண்மைக் குழு நல்ல களம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதுகாவலரும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களும் இருக்க வேண்டும். கையெழுத்துப் பட்டியல் வருகையை மட்டும்தான் காட்டும். கூட்டத்தில் உட்கார்ந்து யார் எத்தனை முறை பேசினார், எந்தப் பேச்சு தீர்மான நோட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்று குறியுங்கள். மூன்று நான்கு பள்ளிகளில் தொடர்ந்து சில கூட்டங்கள் பார்த்தாலே முந்நூறு வினாநிரல்கள் தராத செய்தி கிடைக்கும்.

ஆய்வு முடிந்ததும் கலந்துகொண்ட பள்ளிகளுக்கு ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள். அதில் எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம், எந்தப் பள்ளி எந்த இடம் என்ற வரிசையும் வேண்டாம்.