மூன்று குளத்து விரால் ஒரே சந்ததியா? மரபணுத்தொகை வாசித்துக் கண்டுபிடிக்கும் வழி

வட இலங்கையின் வன்னியில் உள்ள இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் வருகிறது, முத்தையன்கட்டுக்குப் பேராற்றால், வவுனிக்குளத்துக்குப் பாலியாற்றால். அப்படியென்றால் மூன்று குளத்து விராலும் தனித்தனிச் சந்ததியா, இல்லை மாரி வெள்ளத்தில் வயலுக்கு வயல் ஏறிக் கலந்துவிட்டதா? விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும், ஈரத்தரையில் நெளிந்து கொஞ்சத் தூரம் போகவும் செய்யும். ஆகவே இரண்டுக்கும் இடமுண்டு. டிஎன்ஏயைப் பார்த்தால்தான் தெரியும். ஏ.எல். பயோ படித்திருந்தால் கீழே உள்ளது விளங்கும்.

படி 1: மாதிரி

பலரும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். என்னைக் கேட்டால் ஆய்வு தேறுவதும் கவிழ்வதும் குளக்கரையில்தான். குளத்துக்கு 20 மீன் என்று வைப்போம். கொல்லத் தேவையில்லை. வால் செட்டையின் ஓரத்தில் நகத்தளவு வெட்டி, 95 சதவீத எதனோல் உள்ள குப்பியில் போட்டால் போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கத்தரிக்கோலைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் முந்திய மீனின் டிஎன்ஏயும் ஒட்டிக்கொண்டு வரும். இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.

மாரி தொடங்க, செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதையும் தாய் தகப்பன் காவல் நிற்பதையும் கண்டிருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் கைவைக்க வேண்டாம். அத்தனையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இருபது பிடித்தாலும் ஒரு குடும்பத்தைத்தான் பிடித்திருப்பீர்கள். குளத்தின் வெவ்வேறு பக்கத்தில் வலை போடுகிறவர்களிடம் வளர்ந்த மீனாகக் கேளுங்கள். மீன்பிடிச் சங்கத்திடம் முதலே சொல்லிவிடுவது மரியாதை. வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்ட கதையும் அவர்களிடம்தான் கிடைக்கும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அனுமதியை முன்கூட்டியே எடுங்கள்.

படி 2: வாசிப்பு

டிஎன்ஏயை வாசிப்பது பெரும்பாலும் இலுமினா இயந்திரம்தான். ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகளை 150 எழுத்து நீளத் துண்டுகளாக வாசித்துத் தரும். விரால் இனங்களின் மரபணுத்தொகை, அதாவது முழு டிஎன்ஏ, ஏறக்குறைய 60 கோடி எழுத்து, மனிதனுடையது 300 கோடி. ஒவ்வோர் இடத்தையும் எத்தனை தடவை வாசிப்பது என்பதில்தான் காசு போகும். தாயிடமிருந்து ஏ, தகப்பனிடமிருந்து ஜி வந்த இடத்தை இரண்டே தடவை வாசித்தால், பாதிக்குப் பாதி ஒன்றுதான் கண்ணில் படும். 10 தடவை வாசித்தால் அப்படித் தவறுவது ஏறக்குறைய 500இல் ஒரு முறை. காசு குறைவென்றால் மீனைக் குறைக்காமல் தடவையைக் குறையுங்கள். நிகழ்தகவோடு கணக்குப் பார்க்கும் ஏஎன்ஜிஎஸ்டி போன்ற மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. ஒவ்வோர் இயந்திர ஓட்டத்திலும் மூன்று குளத்து மீனும் இருக்கும்படி ஏற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாக ஓட்டினால், இயந்திர ஓட்டத்தின் வித்தியாசமே குளத்தின் வித்தியாசம்போலத் தெரியும்.

படி 3: கணினி

ஃபாஸ்ட்கியூசி என்ற மென்பொருளில் வாசிப்பின் தரம் பாருங்கள். பிடபிள்யூஏயால் துண்டுகளை, ஏற்கெனவே வெளியான விரால் இன மரபணுத்தொகை ஒன்றில் பொருத்துங்கள். சாம்டூல்ஸால் அடுக்கி, பிசிஎஃப்டூல்ஸால் மாறுபடும் இடங்களைப் பிடியுங்கள். இந்த மென்பொருள்கள் எல்லாம் இலவசம்.

அப்புறம் வடிகட்டல். ஹார்டி-வைன்பெர்க் சமநிலைக்கு (தங்களுக்குள் கலந்து பெருகும் ஒரே கூட்டத்தில் எதிர்பார்க்கும் விகிதத்துக்கு) ஒத்துவராத இடங்களை நீக்கச் சொல்வார்கள். 60 மீனையும் ஒன்றாகப் போட்டு நீக்கினால், குளத்துக்குக் குளம் நன்றாக வேறுபடும் இடங்கள்தான் வெட்டுப்படும். தேடிப்போனதையே தூக்கி எறிந்ததாகிவிடும். குளம் குளமாகப் பிரித்துச் செய்யுங்கள்.

படி 4: விடை

பிளிங்க் என்ற மென்பொருளில் முதன்மைக் கூறு வரைபடம் போட்டால் ஒவ்வொரு மீனும் ஒரு புள்ளி; டிஎன்ஏ ஒத்த மீன்கள் அருகருகே நிற்கும். மூன்று குவியலாகப் பிரிந்தால் கலப்புக் குறைவு. எஃப்எஸ்டி என்ற அளவையும் பாருங்கள்: 0க்கு அருகில் என்றால் கலந்த சந்ததி, 1 என்றால் முற்றாகப் பிரிந்தது. இரணைமடுக் குவியலுக்குள் இரண்டு மூன்று வவுனிக்குளத்துப் புள்ளிகள் நின்றால், உடனே வெள்ளம் என்று எழுதிவிடாதீர்கள். முதலில் குப்பி இலக்கம் மாறியதா என்று பாருங்கள். பிறகு சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள், யாராவது வாளியில் கொண்டுபோய் விட்டார்களா என்று கேட்க.